நரம்பு வலிக்குக் கத்தியா, மாத்திரையா?

தோட்டத்து உடம்புக்கு வலி புதிதல்ல. இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெரட்டுக்குப் போகிறவர், நடுராத்திரியில் கை மரத்துப்போய் எழுந்து உதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மா, பாதம் எரிகிறது என்று குளிர்ந்த சிமெண்டுத் தரையில் காலை வைத்துப் படுக்கும் தாத்தா. இவர்கள் இல்லாத லயம் உண்டா? தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் குடிபோன நம்மவர்கள் வீட்டிலும் இதே கதைதான். கேட்டால், "என்னமோ நரம்பு இழுக்குதுங்க, தைலம் தேச்சா சரியாப் போயிடும்" என்பார்கள்.

சரியாகப் போகிறதா என்றால், பல பேருக்குப் போவதில்லை. 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். அதிலும் நரம்பே நசுங்கியோ கெட்டோ வருகிற வலி தனி ரகம். அதற்குத் தைலமும் கேட்காது, கடையில் வாங்கும் வலி மாத்திரையும் அவ்வளவாகக் கேட்காது.

இதிலே நம்மவர்கள் இரண்டு கட்சி. "ஆப்பரேஷன் பண்ணினா கால் விளங்காமப் போயிடும்" என்று கத்தியின் பேரைக் கேட்டாலே ஓடுகிறவர்கள் ஒரு கட்சி. "ஒரே வெட்டா வெட்டி எடுத்துட்டா நிம்மதி" என்று கடன் வாங்கியாவது தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகத் துடிக்கிறவர்கள் மறு கட்சி. இரண்டும் தப்பு. கத்தியா மாத்திரையா என்பதை நம் பயமும் அவசரமும் முடிவு செய்யக்கூடாது. நரம்பு எந்த இடத்தில், எதனால், எவ்வளவு நாளாகக் கெட்டிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் நாம் காலத்தோடு போய்ச் சொல்ல வேண்டும்.

பயிர் மாறியது, பாடு மாறவில்லை

நம் கெப்பாலா பத்தாஸ், பெர்த்தாம், தாசேக் குளுகோர் பகுதிகள் அடங்கிய செபராங் பிறை பழைய கரும்பு நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம் முன்னோர் இங்கே கரும்பு வெட்டினார்கள். பிறகு ரப்பர் வந்தது. அதன் பிறகு செம்பனை வந்தது. பயிர் மாறியதே ஒழிய, குனிந்து தூக்கும் இடுப்பும் கத்தி பிடிக்கும் மணிக்கட்டும் பட்ட பாடு மாறவில்லை.

பால் வெட்டுகிறவர் விடியலிலிருந்து நூற்றுக்கணக்கான மரங்களில் ஒரே மாதிரி மணிக்கட்டை மடக்கி இழுக்கிறார். காண்டாக் கம்பில் பால் வாளிகளைத் தூக்கி நடந்த தோள்கள் இன்றைக்கும் நம்மிடையே இருக்கின்றன. செம்பனை வெட்டுகிறவர் நீண்ட கம்பில் அரிவாளைக் கட்டி, கழுத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டே வெட்டுகிறார். விழுகிற குலை 20 கிலோ இருக்கும்; சில சமயம் அதற்கும் மேல். அதைக் குனிந்து குத்தித் தள்ளுவண்டியில் ஏற்றுவது இடுப்புதானே? இப்படி வருஷக்கணக்கில் உழைத்த உடம்பில் நரம்பு நசுங்குவது சோம்பேறித்தனமும் அல்ல, நடிப்பும் அல்ல.

எது நரம்பு வலி?

தசை வலி என்றால் கனமாக இருக்கும், அமுக்கினால் தெரியும், ஓய்வெடுத்தால் குறையும். நரம்பு வலி வேறு மாதிரி. எரியும். கரண்டு அடித்த மாதிரி சுரீர் என்று ஓடும். எறும்பு ஊர்வதுபோல், ஊசி குத்துவதுபோல் இருக்கும். மரத்தும் போகும். சிலருக்குப் போர்வை பட்டால்கூட வலிக்கும். பெரும்பாலும் ராத்திரியில்தான் கூடும்.

டாக்டரிடம் போனால் இதை இப்படியே சொல்ல வேண்டும். "படான் சாக்கிட்" என்று மட்டும் சொன்னால் உடம்பு வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மரத்துப்போவதற்கு மலாயில் "கெபாஸ்" என்று சொல்லுங்கள். கரண்டு அடித்த மாதிரி என்பதற்கு "மாச்சாம் கெனா காரான்" என்று சொல்லுங்கள். எந்த விரலில் தொடங்கி எதுவரை ஓடுகிறது என்று கையால் தொட்டுக் காட்டுங்கள். பாதி நோயை அதிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று. நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2008ஆம் ஆண்டு முதல், காய்ச்சல், நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கோடு வலியையும் ஐந்தாவதாகக் கேட்டு எழுதும் முறை கொண்டுவரப்பட்டது. மிஸ்ஸி வந்து, "வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?" என்று கேட்பார். நம்மவர்கள் மரியாதைக்காக, "பரவால்லைங்க" என்பார்கள். பரவாயில்லை என்றால் அங்கே எழுதுவதற்கு ஒன்றுமில்லை. எட்டு என்றால் எட்டு என்றே சொல்லுங்கள்.

மணிக்கட்டு: சின்ன ஆப்பரேஷன், பெரிய பயம்

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான வழி இருக்கிறது. அடியில் எலும்பு, மேலே பட்டையான நார். அந்த வழியாக விரல்களை மடக்கும் நாண்களும் ஒரு முக்கியமான நரம்பும் போகின்றன. ஓயாமல் மணிக்கட்டை மடக்கி வேலை செய்தால் உள்ளே வீங்கி அந்த நரம்பு நசுங்கும். பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவை மரத்துப்போகும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. ராத்திரி எழுந்து கையை உதறினால் கொஞ்சம் சுகம். பெண்களுக்கு இது அதிகம். கர்ப்பகாலத்திலும், தைராய்டு, இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் வரும்.

ஆரம்பத்தில் வந்தால் கத்தி வேண்டாம். தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டை கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். சில வாரங்களில் பல பேருக்குக் குறையும். குறையாவிட்டால் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடலாம். அதிலே கிடைக்கும் சுகம் சில மாதம் நிற்கும்; சிலருக்கு வலி திரும்பவும் வரும்.

நாள் கடந்து பெருவிரலின் அடிச்சதை வற்றிப்போய், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, ஜாக்கெட்டுக்குப் பொத்தான் போட முடியவில்லை என்ற நிலை வந்தால் ஆப்பரேஷனைத் தள்ளிப்போடக்கூடாது. அந்த நாரை வெட்டி நரம்புக்கு இடம் விடுவதுதான் ஆப்பரேஷன். பெரும்பாலும் கையை மட்டும் மரக்க வைத்துச் செய்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தையல் பிரிக்க ஏறக்குறைய இரண்டு வாரம். கத்தி பிடித்து வேலை செய்ய இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும்.

சங்க வேலையாகப் போன ஒரு தோட்டத்தில் பால் வெட்டும் ஓர் அக்கா, "நாலு வருஷமா மரத்துப் போகுது தம்பி, வெட்டினா வேலை போயிடும்னு சொல்லலை" என்றார். அவர் கையில் பெருவிரல் சதை முக்கால்வாசி வற்றியிருந்தது. ஆப்பரேஷனுக்குப் பிறகு ராத்திரி வலி போய்விட்டது. வற்றின சதையும் போன பலமும் முழுசாகத் திரும்பவில்லை. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்தால் அதை விடுவித்தாலும் பழையபடி ஆவதில்லை.

இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் வலி

இதுதான் தூக்குகிறவர்களுக்கு வரும் பெரிய தொல்லை. முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருப்பதை ஜவ்வு என்கிறோம், டிஸ்க் என்கிறோம். அதன் வெளிவட்டம் கிழிந்து உள்ளே உள்ள கூழ் பிதுங்கிப் பக்கத்தில் உள்ள நரம்பை அழுத்தினால், வலி பிட்டத்தில் தொடங்கித் தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை ஓடும். இருமினால், தும்மினால் சுரீர் என்னும்.

ஜவ்வு பிதுங்குவதுதான் காரணம் என்று அமெரிக்க டாக்டர்கள் மிக்ஸ்டரும் பார்ரும் 1934ஆம் ஆண்டு எழுதினார்கள். அதன் பிறகுதான் அந்தப் பிதுங்கலை எடுக்கும் ஆப்பரேஷன் உலகமெங்கும் பரவியது. இன்றைக்குச் சின்னத் துவாரம் போட்டு நுண்ணோக்கி வைத்து எடுக்கிறார்கள்.

ஆனால் எல்லாருக்கும் அது தேவையா? இல்லை. பிதுங்கின கூழைப் பெரும்பாலும் உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொள்ளும். பெரும்பாலோருக்கு 6 வாரத்திலிருந்து 12 வாரத்துக்குள் வலி நன்றாகக் குறையும்.

ஹாலந்து நாட்டில் கால் வலி கடுமையாக இருந்து 6 முதல் 12 வாரம் ஆகியும் விடாத 283 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்தி, அதன் முடிவை 2007ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு உடனே ஆப்பரேஷன். மற்றவர்களைப் பொறுத்திருக்கச் சொல்லி மருந்து, பயிற்சி கொடுத்தார்கள். ஆப்பரேஷன் ஆனவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 100க்கு 95 பேர் குணமாகியிருந்தார்கள். பொறுத்திருந்தவர்களில் 100க்கு 39 பேர் மட்டும் கடைசியில் ஆப்பரேஷன் செய்துகொண்டார்கள்.

இதற்கு என்ன அர்த்தம்? ஆப்பரேஷன் தோல்வி என்று அர்த்தமில்லை. வலி தாங்க முடிகிறது, காலில் பலம் இருக்கிறது என்றால் பொறுக்கலாம். வலி தாங்க முடியவில்லை, வாரக்கணக்கில் தூக்கமில்லை, வேலைக்குப் போகவே முடியவில்லை என்றால் ஆப்பரேஷன் நமக்குச் சீக்கிரம் சுகம் தரும். அந்த முடிவு நோயாளியும் டாக்டரும் சேர்ந்து எடுப்பது. இன்னொன்றும் ஞாபகம் இருக்கட்டும். ஆப்பரேஷன் நன்றாகக் கேட்பது காலுக்கு ஓடும் வலிக்குத்தான். வெறும் இடுப்பு வலிக்கு அவ்வளவாகக் கேட்காது.

பொறுத்திருப்பது என்றால் பாயில் கிடப்பது அல்ல. ஒன்றிரண்டு நாளுக்கு மேல் படுத்தே கிடந்தால் தசை தளர்ந்து வலி கூடும். மெல்ல நடக்க வேண்டும், பிசியோதெரபி பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும். பயிற்சி தேதி கொடுத்தால், "அது சும்மா கைகால் ஆட்டுறதுதானே" என்று போகாமல் இருக்காதீர்கள். மருந்து அதுதான்.

எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு சேதி. வலியே இல்லாத 98 பேருக்கு அந்தப் படம் எடுத்துப் பார்த்து அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அதில் 100க்கு 52 பேருக்கு ஏதாவது ஓர் இடத்தில் ஜவ்வு உப்பியிருந்தது. ஆகவே படத்தில் உப்பல் தெரிந்தது என்பதற்காக மட்டும் கத்தி வைக்கக்கூடாது. வலி ஓடும் வழியும், பரிசோதனையும், படமும் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

அன்றைக்கே ஓட வேண்டிய அறிகுறிகள்

இதை வெட்டிச் சுவரில் ஒட்டி வையுங்கள். இடுப்பு வலியோடு கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் 6 வாரம் பொறுக்கும் பேச்சே கிடையாது. ராத்திரி ஆனாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஒன்று, சிறுநீர் வரவில்லை, அல்லது தெரியாமலே போகிறது, மலம் அடக்க முடியவில்லை.
இரண்டு, சைக்கிள் சீட்டில் உட்காரும் இடம் முழுவதும் மரத்துப்போகிறது.
மூன்று, இரண்டு காலும் பலமிழக்கிறது, அல்லது பாதம் தொங்கி நிலத்தில் இழுபடுகிறது.
நான்கு, காய்ச்சல், உடம்பு இளைத்தல், ராத்திரியில் தூங்கவிடாத முதுகு வலி. இது முதுகெலும்பில் காசநோயாகவோ வேறு கட்டியாகவோ இருக்கலாம்.

முதல் மூன்றுக்கும் மணிக்கணக்கில்தான் நேரம். தாமதித்தால் ஆப்பரேஷன் செய்தும் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமல் போகலாம். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லை இது.

பாத எரிச்சல்: இங்கே கத்திக்கு வேலை இல்லை

2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் நாட்டில் வயது வந்தவர்களில் 100க்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் பார்த்தால் 100க்கு 31.4 பேர். மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். இனிப்பு நீர் நாள்பட்டால் முதலில் கெடுவது காலில் உள்ள நீண்ட நரம்புகள். இரண்டு பாதமும் ஒரே மாதிரி எரியும், மதமதப்பாக இருக்கும். பிறகு உணர்ச்சியே போய்விடும். செம்பனை முள் குத்தினதுகூடத் தெரியாமல் புண்ணாகிக் காலை எடுக்கிற நிலை வந்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இதற்கு ஆப்பரேஷன் கிடையாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, நரம்பு வலி மாத்திரை, தினமும் பாதத்தைப் பார்ப்பது, செருப்பில்லாமல் நடக்காமல் இருப்பது, அவ்வளவுதான். உள்ளங்காலைப் பார்க்க முடியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் மெட்ஃபோர்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 சத்து குறைந்தும் கால் மரத்துப்போகலாம். அதை இரத்தத்தில் சோதிக்கலாமா என்று கேளுங்கள்.

சம்சுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தினமும் குடித்துவிட்டுச் சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு பி1 சத்து இல்லாமல் இதே எரிச்சல் வரும். "கால் எரியுது, ஒரு பாட்டில் போட்டா தூங்கலாம்" என்று குடிக்கிற அண்ணன்மார்களே, எரிச்சலுக்குக் காரணமே அந்தப் பாட்டிலாக இருக்கலாம்.

அக்கியும் முகவலியும்

அக்கி கண்டால் நம் வழக்கம் காவி குழைத்து அக்கி எழுதுவது. எழுதுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் முதலில் கிளினிக்குக்குப் போங்கள். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள், அதாவது 3 நாளைக்குள், கிருமியை அடக்கும் மாத்திரையைத் தொடங்கினால்தான் நல்ல பலன். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். வயதானவர்களுக்குக் கொப்புளம் ஆறின பிறகும் அந்த இடம் மாதக்கணக்கில் எரியலாம். அதுவும் நரம்பு வலிதான். அதற்கும் மருந்து உண்டு.

இன்னொரு வலி முகத்தில் வரும். பல் துலக்கும்போது, முகம் கழுவும்போது, காற்றுப் பட்டால்கூட ஒரு பக்கக் கன்னத்தில் மின்னல் வெட்டும். பல் வலி என்று நினைத்து ஒவ்வொரு பல்லாகப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. இதற்குக் கார்பமசெபின் என்ற மாத்திரை நன்றாகக் கேட்கும். மாத்திரை கேட்காதவர்களுக்கு, நரம்பின்மேல் அழுத்தும் இரத்தக் குழாயை விலக்கி வைக்கும் ஆப்பரேஷன் இருக்கிறது. அந்த மாத்திரை தொடங்கின சில வாரங்களுக்குள் தோலில் தடிப்போ, வாயில் புண்ணோ, காய்ச்சலோ வந்தால் அதை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நம் ஆசியர்களில் சிலருக்கு அது உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

"டாக்டர் எனக்குப் பைத்தியத்துக்கு மாத்திரை கொடுத்துட்டாரு" என்று ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். பையைத் திறந்து பார்த்தால் அமிட்ரிப்டிலின். அது மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான். குறைந்த அளவில் ராத்திரி சாப்பிட்டால் நரம்பு அனுப்பும் வலிச் சேதியை அடக்கும். காபபென்டின், பிரிகாபலின் இரண்டும் வலிப்புக்கு வந்த மருந்துகள். அவையும் நரம்பு வலிக்குக் கேட்கும். டுலோக்செட்டின் என்று இன்னொன்று உண்டு.

இவை ஒரே நாளில் கேட்காது. சில வாரம் சாப்பிட்டு, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். வலி அடியோடு போகாது. பாதியாகக் குறைந்து தூங்க முடிந்தால் மருந்து கேட்டுவிட்டது என்று அர்த்தம். முதல் நாட்களில் தூக்கமும் தலைசுற்றலும் வரும். ஆகவே மாத்திரை தொடங்கினதும் உயரத்தில் அரிவாள் பிடிப்பது, டிராக்டர், மோட்டார் சைக்கிள் ஓட்டுவது எல்லாம் வேண்டாம். இலேசான வேலைக்கு டாக்டரிடம் கடிதம் கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

இப்போது ஆபத்தான மருந்துக்கு வருவோம். சந்தையிலும் வீட்டு வாசலிலும் "மூட்டு வலி, நரம்பு வலி எல்லாத்துக்கும் ஒரே மாத்திரை" என்று மாஜுன், ஜாமு விற்கிறார்களே, அவற்றில் பலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கள்ளத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துவிடும். பிறகு முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும், திடீரென்று நிறுத்தினால் மயக்கமே போட்டுவிடும். பெட்டியில் "மால்" என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத எதையும் வாங்காதீர்கள். அதேபோல் மாதாமாதம் இடுப்பில் வலி ஊசி போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுவதும் வேண்டாம். வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகம் கெடும், நசுங்கின நரம்பு நசுங்கினபடியே இருக்கும்.

எங்கே போவது?

முதலில் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தான். அங்கே மலேசியர்களுக்கு 1 வெள்ளி, ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான். கடன் வாங்கித் தனியாரிடம் போவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு கெப்பாலா பத்தாஸ் ஆஸ்பத்திரிக்கோ செபராங் ஜெயா ஆஸ்பத்திரிக்கோ போகலாம். பெர்த்தாமிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை இருக்கிறது. நரம்பியல் ஆப்பரேஷன் தேவை என்றால் ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பாலம் தாண்ட வேண்டுமே, ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தேதியைத் தவறவிடாதீர்கள்.

ஆப்பரேஷன் என்று சொன்னால் பயந்து ஓடாமல் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த நரம்பு, எங்கே நசுங்கியிருக்கிறது? செய்யாமல் 3 மாதம் பொறுத்தால் என்ன ஆகும்? செய்தால் வலி போகுமா, மரத்துப்போனது திரும்புமா? எத்தனை வாரம் கழித்துத் தூக்கும் வேலை செய்யலாம்? பதில் புரியாவிட்டால் தமிழ் தெரிந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆப்பரேஷனும் மாத்திரையும் செய்து பார்த்தும் வலி விடாதவர்கள் உண்டு. அவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் வலி கிளினிக் இருக்கிறது. செலாயாங் ஆஸ்பத்திரியில் டாக்டர் மேரி கார்டோசா முன்னின்று நடத்திய "மெனாங்" என்ற பயிற்சி பெயர் பெற்றது. மலாயில் மெனாங் என்றால் வெற்றி. வலியோடு எப்படி நடப்பது, வேலையை எப்படிப் பங்கிட்டுச் செய்வது, பயத்தை எப்படி விடுவது என்று கற்றுக்கொடுப்பது அந்தப் பயிற்சி.

எம்.சி.யும் சொக்சோவும்

வலியைப் பற்றி எழுதிவிட்டுச் சம்பளத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தப் பகுதிக்கு அர்த்தமில்லை. நம்மவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு முதல் காரணம் கத்தி அல்ல, சம்பளம்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, 2 வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 14 நாள், 2 முதல் 5 வருஷத்துக்குள் 18 நாள், 5 வருஷமும் அதற்கு மேலும் என்றால் 22 நாள் சம்பளத்தோடு எம்.சி. உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்தால் 60 நாள். எம்.சி. கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். தெரிவிக்காவிட்டால் சும்மா வராமல் இருந்ததாகக் கணக்காகிவிடும்.

குலை தூக்கும்போது இடுப்பில் "மளுக்" என்றால் அது வேலையிட விபத்து. "நாளைக்குச் சரியாயிடும்" என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே மண்டோரிடமும் கிராணியிடமும் சொல்லி எழுத வையுங்கள். 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 4 நாளுக்குக் குறையாத எம்.சி. இருந்தால் சொக்சோ கணக்கிடும் தினச் சம்பளத்தில் 100க்கு 80 பங்கு கிடைக்கும். வேலையால் வரும் தசை, எலும்பு நோய்களுக்கும் தொழில் நோய்ப் பட்டியலில் இடம் உண்டு. டாக்டரிடம், "நான் 20 வருஷமா பால் வெட்டுறேன், குலை தூக்குறேன்" என்று சொன்னால்தான் அவர் அதைக் கார்டில் எழுதுவார். கார்டில் எழுதாத வேலை சொக்சோ மேசையில் செல்லாது.

60 வயதுக்குள், நோயால் வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஈட்ட முடியாத நிலை நிரந்தரமாகிவிட்டால், சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால் உடல் இயலாமைப் பென்ஷனுக்கு மனுப் போடலாம். மறுபடி வேலைக்குத் திரும்ப உதவும் திட்டத்தைச் சொக்சோ 2007 முதல் நடத்துகிறது. மலாக்காவில் மறுவாழ்வு மையமும் வைத்திருக்கிறது. நம்மோடு நிரை போடும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் 2019 ஜனவரி முதல் சொக்சோவின் வேலையிட விபத்துப் பாதுகாப்பு உண்டு. அவர்களுக்கு மொழி தெரியாது. நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

இவற்றில் எதையாவது நிர்வாகம் மறுத்தால் சங்கக் கிளைத் தலைவரிடம் கார்டையும் எம்.சி.யையும் காட்டுங்கள். கையில் தாள் இருந்தால் நாங்கள் பேசுவோம். தாள் இல்லாத வலிக்காகப் பேசப் போய் எத்தனையோ முறை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறோம்.

தோழர்களே, ராத்திரி கை மரத்துப்போனால் இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். கால் வலி ஓடினால் நடந்துகொண்டே பொறுங்கள், பயிற்சியை விடாதீர்கள். சிறுநீர் நின்றால் அந்த நிமிஷமே ஓடுங்கள். எந்த மருந்து, எந்தக் கத்தி என்பதை டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். நம் தாய் தகப்பன் சொல்லாமல் சகித்துக்கொண்டார்கள், அவர்களுக்குச் சொல்ல இடமில்லை. நமக்கு இடம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. வாயைத் திறந்து சொல்லுங்கள்.